மழைக்காலத்தில் டார்வின் பக்கம் போவதென்றால்

டிசம்பர் விடுமுறைக்கு டார்வின் போகிறோம் என்று சொன்னதும் மெல்பர்னில் தெரிந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "இப்போதா?" அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் வடக்கு முனையை, அங்கே இருப்பவர்கள் டாப் எண்ட் என்று சொல்லும் பகுதியை, பெரும்பாலானோர் மே முதல் ஆகஸ்ட் வரை போய்ப் பார்ப்பார்கள். அப்போது வானம் தெளிந்திருக்கும், சாலைகள் திறந்திருக்கும், இரவில் மெல்லிய குளிர்கூட இருக்கும். ஆனால் பள்ளிக்கு ஆறு வாரம் விடுமுறை கிடைப்பது டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரைதான். அது அங்கே கொட்டும் மழைக்காலம். சுற்றுலாத் துறையினர் அதற்கு 'டிராபிகல் சம்மர்' என்று அழகான பெயர் சூட்டியிருக்கிறார்கள். கல்யாணத் தரகர் பேச்சைக் கேட்பதுபோல் கேட்டுக்கொள்ளுங்கள். பொய் இல்லை, ஆனால் எல்லாவற்றையும் சொல்லவும் இல்லை.

போகலாமா என்றால், தாராளமாகப் போகலாம். ஒரே நிபந்தனை: பயணத் திட்டம் உங்கள் கையில் இல்லை, தண்ணீரின் கையில் இருக்கிறது என்பதை டிக்கெட் எடுப்பதற்கு முன்பே ஒப்புக்கொள்ள வேண்டும்.

எந்த மழை, எப்போது

"நாங்கள் சென்னை வெயிலையே பார்த்தவர்கள்" என்று நானும் சொன்னேன். ஜனவரியில் டார்வினின் பகல் வெப்பம் 32 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். இரவிலும் 25ஐ ஒட்டித்தான் இருக்கும். எண்ணைப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆள் நசிந்துபோவது புழுக்கத்தில். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மேகம் திரளும், இடிக்கும், பெய்யாமல் போகும். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். மனிதர்களுக்குக் கோபம் சட்டென்று வரும் காலம் இது என்று அந்த ஊர்க்காரர்களே சொல்வார்கள். சராசரியாக டிசம்பர் கடைசியில் பருவமழை வந்து சேர்ந்ததும் ஊருக்கே மூச்சு வரும்.

அங்கே ஆண்டு மழை சுமார் 1,700 மில்லிமீட்டர். ஜனவரியில் மட்டும் 400க்கு மேல். நமது வடகிழக்குப் பருவக்காற்றுக்கு இது தூரத்து உறவு. ஆசியாவின் குளிர்காலக் காற்று நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் திசை திரும்பி, வடமேற்கிலிருந்து மழையோடு டார்வினில் ஏறுகிறது. நம் ஊர் மழையைப் போலவே இதுவும் விட்டுவிட்டுத்தான் பெய்யும். சில நாட்கள் அடைமழை, பிறகு இடைவெளி. இடைவெளி நாட்களில் காலை பளிச்சென்று விடியும், மாலையில் ஒரு இடிமழை வந்து போகும். எனவே வெளி வேலைகளைக் காலை ஏழிலிருந்து பதினொன்றுக்குள் முடித்துவிடுங்கள்.

வெள்ளைக்காரர்கள் இரண்டு பருவம் என்று எண்ணுவதை, டார்வினுக்குக் கிழக்கே உள்ள ககாடு தேசியப் பூங்காவின் பூர்வகுடிகளான பினிஞ், முங்குய் மக்கள் ஆறாகப் பிரித்திருக்கிறார்கள். இடிமழை தொடங்கும் குனுமெலெங், பெருமழையின் குஜெவ்க், புல்லைச் சாய்க்கும் கடைசிக் காற்றுமழையின் பங்கெரெங் என்று அது போகும். பெரும்பொழுதை ஆறாகப் பகுத்த நமக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபடும். பள்ளி விடுமுறை குனுமெலெங்கின் முடிவிலும் குஜெவ்க்கின் தொடக்கத்திலும் விழுகிறது.

போய்ச் சேர்வது

மெல்பர்னிலிருந்து காரில் போகலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: டிசம்பர், ஜனவரி ஆஸ்திரேலியாவில் கோடை, அப்போது வேண்டாம். ஏறத்தாழ 3,700 கிலோமீட்டர். நடுவில் பாலைவனம், நாற்பது டிகிரிக்கு மேல் வெயில். விமானத்தில் நாலரை மணி நேரம். சிங்கப்பூரிலிருந்தும் ஏறக்குறைய அதே நேரம்தான், ஆகவே அங்கிருந்து உறவினர்கள் வந்து சேர்ந்துகொள்வது எளிது. டார்வின் கடிகாரம் கோடையில் மெல்பர்னைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கும், இந்தியாவைவிட நாலு மணி நேரம் முன்னால் இருக்கும்.

டிக்கெட் எடுக்கும்போது தேதி மாற்றக்கூடியதாகப் பார்த்து எடுங்கள். அறைகளும் அப்படியே. இந்தக் காலத்தில் கூட்டம் குறைவு என்பதால் விடுதி வாடகை நன்றாகவே இறங்கியிருக்கும், மிச்சமாகும் பணத்தை ரத்து செய்யும் வசதிக்குச் செலவிடலாம். பயணக் காப்பீட்டில் புயலுக்கு இடமிருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள். நவம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை புயல் பருவம். ஒரு புயலுக்குப் பெயர் வைத்த பிறகு காப்பீடு வாங்கினால் அந்தப் புயலுக்கு அது உதவாது.

புயல் என்றால் என்னவென்று டார்வினுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1974இல் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் தொடங்கி விடியும்வரை டிரேசி புயல் அந்த ஊரைத் தரைமட்டமாக்கியது. 66 பேர் இறந்தார்கள், முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வேறு ஊர்களுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. நகரின் அருங்காட்சியகத்தில் இதற்கென்று ஒரு கூடம் இருக்கிறது. அதில் ஒரு சிறிய இருட்டறைக்குள் போய் நின்றால் அந்த இரவில் பதிவான காற்றின் ஓசை கேட்கும். தகரம் கிழியும் சத்தம் நடுநடுவே வரும். என் மகள் இருபது வினாடியில் வெளியே வந்துவிட்டாள். மழை நாளுக்கென்று இந்த இடத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மீட்டருக்கு மேல் நீளமுள்ள 'ஸ்வீட்ஹார்ட்' என்ற பாடம் செய்யப்பட்ட முதலையும் அங்கேதான் இருக்கிறது. எழுபதுகளில் மீன்பிடிப் படகுகளைத் தாக்கிப் பேர் வாங்கியது.

வண்டி

வாடகைக் காருக்குக் கையெழுத்துப் போடும் முன் நிபந்தனைகளில் மூன்றைத் தேடிப் படியுங்கள். தார் போடாத சாலையில் ஓட்டலாமா? ஊருக்கு வெளியே இரவில் ஓட்டலாமா? தண்ணீரால் வரும் சேதத்துக்குக் காப்பீடு உண்டா? மூன்றுக்கும் 'இல்லை' என்பதே வழக்கமான பதில். ஃபோர் வீல் டிரைவ் எடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பதும் தவறு. அந்த வண்டியே ஆனாலும் வெள்ளத்துக்குள் இறக்கினால் செலவு உங்கள் தலையில்தான் விழும். மழைக்காலத்தில் மண் சாலைகள் பெரும்பாலும் மூடியே கிடக்கும், எனவே தார் சாலை மட்டும் போதும் என்று முடிவு செய்துகொண்டு சாதாரணக் காரை எடுப்பதே கெட்டிக்காரத்தனம்.

இரவு ஓட்டத் தடை வெறும் சம்பிரதாயம் இல்லை. பொழுது சாயும் நேரத்தில் வாலபி எனும் சிறு கங்காருகள் குறுக்கே பாயும், சில இடங்களில் காட்டெருமையும் நிற்கும். பகலில் ரோட் டிரெய்ன்கள் வரும். நாலைந்து லாரிகளைக் கோத்ததுபோல் ஐம்பது மீட்டருக்கும் மேல் நீளம். மழையில் அதன் பின்னால் மாட்டினால் சக்கரத் தண்ணீரைத் தவிர வேறொன்றும் தெரியாது. முந்தப் பார்க்காதீர்கள், ஓரமாக நிறுத்தித் தேநீர் குடியுங்கள். அது போய்விடும்.

பெட்ரோலை டார்வினில் நிரப்பிக்கொண்டு, பாதி குறைந்ததும் அடுத்த பங்கில் மறுபடி நிரப்புங்கள். ஊரைத் தாண்டினால் கைபேசி இணைப்பு பெரும்பாலும் டெல்ஸ்ட்ரா நிறுவனத்தின் சிம்முக்குத்தான் கிடைக்கும், அதுவும் ஊர்களை ஒட்டி மட்டும். வரைபடங்களை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் குடிநீர் வண்டியில் இருக்கட்டும். வண்டி நின்றுவிட்டால் அதை விட்டு நடக்காமல் அங்கேயே இருங்கள். தேடுபவர்கள் கண்ணில் முதலில் படுவது வண்டிதான்.

அந்த மஞ்சள் பலகை

பயணத்தின் ஒவ்வொரு காலையும் ஒரே வேலையோடு தொடங்க வேண்டும்: வடக்கு ஆட்சிப்பகுதியின் சாலை நிலவர இணையதளம், வானிலை மையம், ககாடுவில் இருந்தால் பூங்கா நிர்வாகத்தின் அன்றாடத் திறப்புப் பட்டியல். மூன்றையும் காபி ஆறுவதற்குள் பார்த்துவிடலாம்.

மூன்றாம் நாள் காலை நாங்கள் பார்க்கவில்லை. பாறை ஓவியங்கள் உள்ள உபிருக்குப் போகும் சாலை முந்தைய நாள் திறந்திருந்தது, அந்த நம்பிக்கையில் ககாடுவுக்குள் இருக்கும் ஜபிரு என்ற ஊரிலிருந்து கிளம்பிவிட்டோம். சில கிலோமீட்டரில் மகேலா ஓடை சாலை மேல் ஏறியிருந்தது. குறுக்கே வழியை மறித்து ஒரு மஞ்சள் பலகை, சாலை ஓரத்தில் அளவுக் கம்பம். தண்ணீர் 0.4 மீட்டர் என்ற கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. பார்வைக்கு அது ஓடுவதுபோலவே தெரியவில்லை, தேநீர் நிறத்தில் சும்மா கிடந்தது. என் மகன் ஒரு பேப்பர்பார்க் மரத்து இலையை எறிந்தான். 'ஒன்று' என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அது சாலையின் அந்தப் பக்கம் மரங்களுக்குள் மறைந்துவிட்டது. முப்பது சென்டிமீட்டர் ஓடும் தண்ணீரே சிறிய காரை நகர்த்திவிடும், இது அதற்கும் மேல். பக்கத்தில் வண்டியை நிறுத்தியிருந்த பெரியவர் ஒருவரிடம் எப்போது வடியும் என்று கேட்டேன். "இரண்டு மணி நேரம், இல்லையென்றால் இரண்டு வாரம்" என்றார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். நாங்கள் இருந்தவரை அந்தச் சாலை திறக்கவில்லை.

இதற்குத்தான் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டாவது திட்டம் ஒன்று வேண்டும். உபிர் இல்லையா, நோர்லாஞ்சி எனப்படும் புருங்குய் பாறை ஓவியங்கள். அதுவும் இல்லையா, ககாடுவிலேயே இருக்கும் கூயிண்டாவில் படகு. அதுவும் இல்லையென்றால் ஜபிருவில் முதலை வடிவில் கட்டிய ஹோட்டலின் நீச்சல் குளம். குழந்தைகளைக் கேட்டால் நாலாவதைத்தான் முதலில் சொல்வார்கள்.

மழையில் மட்டும் கிடைப்பது

டார்வினிலிருந்து ஜபிரு 250 கிலோமீட்டர் சொச்சம், மூன்று மணி நேரம். வழியில் ஹம்ப்டி டூ தாண்டி ஃபாக் அணைக்கு ஒரு சிறிய விலகல் அவசியம். 1950களில் இங்கே பெரிய அளவில் நெல் பயிரிட்டு ஆசியாவுக்கு விற்கலாம் என்று ஒரு திட்டம் போட்டார்கள். நீர் மேலாண்மை சரியில்லை, நெல்லுக்குக் காத்திருந்த மேக்பை வாத்துகளும் எருமைகளும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. திட்டம் கைவிடப்பட்டது, அணை மட்டும் பறவைகளுக்கு என்று நின்றுவிட்டது. தஞ்சாவூர்க்காரர் ஒருவரைக் கூட்டிப்போயிருந்தால் ஒரு மணி நேரம் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். அணைக்கரையில் இறங்கி நடக்க அனுமதி இல்லை, முதலைகள். காருக்குள் இருந்தபடியே கடந்து போகலாம்.

ககாடுவின் பரப்பு கிட்டத்தட்ட 20,000 சதுர கிலோமீட்டர். நுழைவுச் சீட்டை இணையத்தில் வாங்கிக்கொள்ளலாம், மழைக்காலக் கட்டணம் குறைவு. இங்கே புதிதாக வருகிறவர்களைக் குழப்பும் ஒரு விஷயம் இருக்கிறது. படங்களில் பார்த்து நாம் ஆசைப்படும் ஜிம் ஜிம் அருவி, சுமார் 200 மீட்டர் பாறைச் சுவரிலிருந்து விழுவது, மழைக்காலத்தில்தான் முழு உருவில் இருக்கும். ஆனால் அப்போது அதற்குப் போகும் மண் சாலை நீருக்கடியில் இருக்கும். சாலை திறந்து நீங்கள் போய்ச் சேரும்போது அருவி மெலிந்து நூலாகியிருக்கும், சில மாதங்களில் நின்றேவிடும். அருவியைப் பார்க்க ஆள் போக முடியாது, ஆள் போகும்போது அருவி இல்லை. இதற்கு ஒரே வழி ஜபிருவிலிருந்தோ கூயிண்டாவிலிருந்தோ கிளம்பும் சிறு விமானம். விலை கசக்கும். ஆனாலும் இந்தப் பயணத்தில் ஒரே ஒரு ஆடம்பரம் செய்வதானால் இதைச் செய்யுங்கள். செம்பாறை விளிம்பு நெடுக, பெயர் இல்லாத அருவிகள் வரிசையாகத் தொங்குவதை வேறெப்படியும் பார்க்க முடியாது. காலை விமானமாகப் பதிவு செய்யுங்கள், மாலையில் மேகம் விடாது.

கூயிண்டாவில் யெல்லோ வாட்டர் படகுப் பயணம் ஆண்டு முழுவதும் நடக்கும். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: மழையில்லாத மாதங்களில் பறவைகளும் முதலைகளும் மிஞ்சிய குட்டைகளில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், எளிதில் தெரியும். மழையில் நிலமே கடலாகிவிடுவதால் அவை பரந்துபோய்விடும். நாங்கள் பார்த்தது இரண்டே முதலைகள். அதற்குப் பதில் கண்ணுக்கெட்டிய வரை தாமரையும் அல்லியும், மரக்கிளை உயரத்தில் போகும் படகும் கிடைத்தன.

புருங்குய்யில் அன்பங்பங் பாறைத் தங்கலில் நமர்கோன் என்னும் மின்னல் மனிதனின் ஓவியம் இருக்கிறது. தலையையும் கைகால்களையும் இணைத்து ஒரு வளைவு, அதுதான் மின்னல். முழங்கால்களிலும் முழங்கைகளிலும் கல் கோடரிகள், அவற்றால் மேகத்தை அடித்துத்தான் இடியை உண்டாக்குகிறான். செம்மஞ்சளும் நீலமுமாக ஒரு வெட்டுக்கிளி இந்தப் பருவத்தில் மட்டும் வெளிவரும், அவை அவனுடைய பிள்ளைகள் என்பார்கள். ஜூலையில் வருகிறவர்கள் ஓவியத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். நாங்கள் அங்கே நின்றபோது பாறைக்கு மேலே அவன் வேலையாகவே இருந்தான். முதல் இடிக்கு என் மாமியார் தன்னையறியாமல் "அர்ஜுனா, அர்ஜுனா" என்றார். ஓவியங்களைத் தொடக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. சில இடங்கள் மூடியிருந்தால் வெள்ளம் மட்டுமே காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை, அந்த நிலத்தவரின் சடங்குகளும் காரணமாக இருக்கலாம். கிழக்கு அலிகேட்டர் ஆற்றைக் கடந்தால் ஆர்ன்ஹெம் லாண்ட், அங்கே போக முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வேண்டும்.

குளிக்கலாமா

கேள்வி வரும், குறிப்பாகக் குழந்தைகளிடமிருந்து. கடலில் கூடாது. அக்டோபர் முதல் மே வரை பாக்ஸ் ஜெல்லி மீன் காலம். நம் மீனவர்கள் சொறிமீன் என்பார்களே, அந்த இனத்திலேயே மிகக் கொடியது, சில நிமிடங்களில் இதயத்தை நிறுத்திவிடக்கூடியது. யாரையாவது தீண்டிவிட்டால் கரைக்கு இழுத்து, அவசர உதவி எண்ணான 000க்கு அழைத்து, பட்ட இடத்தில் குறைந்தது அரை நிமிடம் வினிகரை ஊற்ற வேண்டும். கையால் தேய்க்கக் கூடாது. மூச்சு நின்றால் நெஞ்சை அழுத்தி முதலுதவி.

ஆற்றிலும் கூடாது. உவர்நீர் முதலை என்ற பெயரைப் பார்த்து நன்னீரில் இருக்காது என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளத்தோடு அது எங்கு வேண்டுமானாலும் வந்து சேரும். 1971இல் வேட்டைக்குத் தடை வந்ததிலிருந்து அதன் எண்ணிக்கை பெருகிவிட்டது. தண்ணீர் விளிம்பிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளியே நில்லுங்கள், மீன் கழுவுவதோ பாத்திரம் அலம்புவதோ வேண்டாம். எச்சரிக்கைப் பலகை இல்லாத இடம் பாதுகாப்பான இடம் என்று அர்த்தமில்லை.

பிறகு எங்கேதான் குளிப்பது? டார்வினில் வலை போட்டுக் காக்கும் வாட்டர்ஃபிரண்ட் குளமும் லீன்யரில் இலவச நீர் விளையாட்டுப் பூங்காவும் இருக்கின்றன. தெற்கே 100 கிலோமீட்டர் சொச்சத்தில் லிச்ஃபீல்டு பூங்கா. அங்கே வாங்கி அருவிக் குளம் மழைக்காலத்தில் பெரும்பாலும் மூடியிருக்கும். ஃபுளோரன்ஸ் அருவியும் பூலி பாறைக்குளங்களும் மழை ஓய்ந்த நாட்களில் திறந்திருக்க வாய்ப்பு அதிகம். அன்று காலை அறிவிப்பு 'திறந்திருக்கிறது' என்று சொன்னால் மட்டும் துண்டை எடுங்கள். வழியில் காந்தத் திசை பார்த்து வடக்கு தெற்காக நிற்கும் கறையான் புற்றுகள், பத்து நிமிடம் போதும்.

நீரிழிவு உள்ளவர்கள் கவனிக்க

சுற்றுலா ஏடுகளில் இது ஓரத்தில் இருக்கும். நம் குடும்பங்களுக்கு நடுவில் வைக்க வேண்டிய செய்தி. மெலியாய்டோசிஸ் என்றொரு தொற்று. அதன் கிருமி அங்குள்ள மண்ணிலேயே வாழ்கிறது, மழைக்காலத்தில் மேலே வருகிறது. காலில் உள்ள சிறு வெடிப்பு வழியாகவும், பலத்த காற்றுமழையில் மூச்சு வழியாகவும் உடலுக்குள் போகும். ஆரோக்கியமானவர்களுக்கு அபாயம் குறைவு. நீரிழிவு, சிறுநீரக நோய், அதிகக் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு உயிராபத்து வரை போகலாம். என் மாமியாருக்கு இருபது வருடச் சர்க்கரை, மழை விட்டதும் ஈர மண்ணில் வெறுங்காலோடு நடப்பதில் அலாதி விருப்பம். "அந்தக் கால்தானே இத்தனை வருடம் வயலில் நடந்தது" என்று வாதாடினார். புதிய மூடு காலணியோடு ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், பரவாயில்லை. காயத்துக்குத் தண்ணீர் புகாத பிளாஸ்டர் போடுங்கள். திரும்பி வந்த சில வாரங்களுக்குள் காய்ச்சலோ இருமலோ வந்தால் எங்கே போயிருந்தீர்கள் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இன்சுலின் ஐஸ் பெட்டியில் இருக்கட்டும், ஆனால் ஐஸைத் தொடாமல். கொசுக்களுக்கு முழுக்கைச் சட்டையும் பூச்சு மருந்தும்.

சாப்பாடும் நாட்கணக்கும்

ஏழு நாளுக்குக் குறைவாகப் போகாதீர்கள். டார்வினில் இரண்டு, ககாடுவில் மூன்று, லிச்ஃபீல்டுக்கு ஒன்று, எதுவும் எழுதாத நாள் ஒன்று. கேதரின் வரை 320 கிலோமீட்டர் இறங்கி நிட்மிலுக் பள்ளத்தாக்கைப் பார்க்க ஆசைப்பட்டால் இன்னும் இரண்டு நாள் சேருங்கள். மழைக்காலத்தில் அங்கே துடுப்புப் படகு வாடகைக்குத் தரமாட்டார்கள். 1998 ஜனவரியில் கேதரின் நகரமே மூழ்கியது, ஆகவே அந்தப் பக்கம் மழை அறிவிப்பு இருந்தால் ஆசையை விட்டுவிடுங்கள்.

புகழ்பெற்ற மிண்டில் கடற்கரைச் சந்தை மழைக்காலத்தில் நடப்பதில்லை, வந்து ஏமாறுகிறவர்கள் நிறைய. சனிக்கிழமை பராப், ஞாயிற்றுக்கிழமை ரேப்பிட் கிரீக் சந்தைகள் உண்டு. பராப்பில் காலை எட்டு மணிக்கு லக்சா எனும் காரமான நூடுல்ஸ் சூப்புக்கு வரிசை நிற்கும், நில்லுங்கள். ரேப்பிட் கிரீக்கில் காராமணி, பாகற்காய், வெண்டைக்காய் எல்லாம் அந்த மண்ணிலேயே விளைந்து வந்து குவிந்திருக்கும். மெல்பர்னில் கறிவேப்பிலையை எண்ணி எண்ணிக் கிள்ளிப் போடும் என் மனைவி அங்கே ஒரு கட்டைக் கையில் வைத்துக்கொண்டு விலையைக் கேட்கவே மறந்து நின்றாள். சமையலறை உள்ள விடுதியாக எடுத்தால் ககாடுவுக்குப் புளிசாதம் கட்டிக்கொண்டு போகலாம். ஜபிருவில் கடை உண்டு, தேர்வு கொஞ்சம்தான்.

எப்படி மாற்றிப் போட்டாலும் கடைசி இரவு டார்வினிலேயே இருக்கட்டும். ககாடுவிலிருந்து நேராக விமான நிலையம் என்று திட்டம் போட்டால், நடுவில் ஒரு வெள்ளம் வந்தால் போதும்.

அந்தக் கடைசி மாலையில் ஐந்து மணிக்கு நைட்கிளிஃப் கடலோரப் புல்வெளிக்குப் பாயும் பிளாஸ்கும் எடுத்துக்கொண்டு போங்கள். வடக்கே திவி தீவுகளுக்கு மேல், பருவமழை இடைவெளி விட்ட நாட்களில், காலிஃபிளவர் போல ஒரு மேகம் இருபது கிலோமீட்டர் உயரம் வரை எழும். கிட்டத்தட்டத் தினமும் அதே இடத்தில், அதே நேரத்தில் வருவதால் இரண்டாம் உலகப் போர்க்கால விமானிகள் அதை அடையாளமாக வைத்துக்கொண்டு 'ஹெக்டர்' என்று பெயரிட்டார்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது வினாடிக்குக் குறைந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு காருக்குள் போய்விட வேண்டும். எண்ணும் வேலையை மாமியாரிடம் கொடுத்திருந்தோம். இருபத்தெட்டில் நிறுத்தி, "அர்ஜுனன் கிட்டே வந்துவிட்டான், எழுந்திருங்கள்" என்றார், காலணியைத் தேடிக்கொண்டே.